செல் தின்ற மிச்சம்

10 ஜூன் 2024, திங்கள்
மூன்றாவது தட்டும் காலி. வளர்ப்புச் செல்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. உள்ளே கிளமிடியா இல்லை. ஆடுகளுக்குச் சினை கலையச் செய்யும் பாக்டீரியா அது; செல்லுக்குள் மட்டுமே வளரும். ஆய்வகத் தலைவர் கலைவாணன் சார் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கலைமதி, உங்க கைக்கு எதுவும் வளராதும்மா." சிரித்தார்கள். நல்லம்பள்ளியில் பஸ் இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

11 ஜூன்
பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து குள்ளம்மாள் போன். அவருடைய ஆடுகளில் ஐந்துக்கு, மாதம் நிறையும் முன்பே குட்டி கலைந்துவிட்டது. "நா தீனி சரியா போடலன்னு வூட்ல தெனமும் பேச்சுங்க மேடம். என்ன நோவுன்னு தெரிஞ்சுதுங்களா?" தெரியவில்லை என்று சொல்ல நாக்கு கூசியது. அந்த ஆடுகளின் நஞ்சுக்கொடியில் எடுத்த மாதிரியில் இன்னும் ஒரே ஒரு குப்பிதான் இருக்கிறது.

12 ஜூன்
சாரிடம் கேட்டேவிட்டேன். செல்லின் வளர்ச்சியை நிறுத்தும் மருந்தை ஏன் விட்டுவிட்டோம்? வளர்ப்புத் திரவத்தில் உள்ள அமினோ அமிலத்தையெல்லாம் செல்லே தின்று பெருகினால், உள்ளே இருப்பது எதைத் தின்னும்?
"மருந்து போட்டா செல் வாடிப்போகுது. நிதி குடுக்கிற கமிட்டிக்கு நல்ல செல் படம் காட்டணும்மா."
படமா! நாம் பார்க்க வந்தது செல்லையா, நோயையா? வெள்ளிக்கிழமை கடைசிக் குப்பியையும் அழித்துவிட்டு, 'கிருமி இல்லை' என்று எழுத வேண்டுமாம். பட்டினி போட்டுவிட்டு, இல்லை என்று எழுதுவதா? என்னால் முடியாது.

13 ஜூன்
குப்பியைத் திறந்து, மாதிரியைப் புதுத் தட்டில் செல்கள்மேல் விட்டுவிட்டேன். மருந்தும் போட்டேன், அமினோ அமிலமும் கூடுதலாக. யாரையும் கேட்கவில்லை.

14 ஜூன், வெள்ளி
"யாரைக் கேட்டுப் பண்ணீங்க?" என்று சார் கத்தினார். நானும் கத்தினேன் — ஆடு வளர்க்கிறவளுக்கு யார் சார் பதில் சொல்றது? திங்கட்கிழமையும் தட்டு காலியாக இருந்தால் நான் வேலைக்கு வர வேண்டாமாம்.

16 ஜூன்
சோறு இறங்கவில்லை.

17 ஜூன், திங்கள்
இருக்கிறது!
செல்கள் வாடித்தான் கிடக்கின்றன, பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் சாயம் போட்டதும் உள்ளே பச்சைப் பச்சையாக ஒளிர்கிறது. சார் நுண்ணோக்கியில் நெடுநேரம் குனிந்திருந்தார். "ம்" என்றார். ஒரு வாரம் என்னை வறுத்தெடுத்ததற்கு அவ்வளவுதான். இன்னும் ஆறவில்லை எனக்கு.

18 ஜூன்
குள்ளம்மாளுக்கு நானே போன் செய்தேன். காரணம் கிருமி, தீனி இல்லை. கால்நடை மருத்துவர் வருவார். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் ஆட்டுப் பக்கம் விடாதீர்கள், இந்தக் கிருமி அவர்களுக்கும் தொற்றும் என்றேன். அவர் மெதுவாக:
"இருங்க மேடம், ஸ்பீக்கர்ல போடறேன். எங்க மாமியாரு இங்கதான் இருக்காங்க. தீனி இல்லன்னீங்களே, அத மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்க."
சத்தமாகச் சொன்னேன்.