குடிவைத்தவனுக்குப் போனஸ்

அன்புள்ள என்று எழுத மனம் வராத நண்பனுக்கு,

இத்தனை நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

உன் ஐயம்பேட்டை வரிசை வீடுகளுக்குக் குடி பிடிப்பவன் நான். பழுது பார்ப்பவன் சாமுவேல். புதுக் குடி வந்தால் எனக்குத் தீபாவளி போனஸ் கூடும். இருக்கிற குடி காலி செய்தால் அவனுக்குப் போனஸே கிடையாது. இது நீ போட்ட சட்டம்.

மூன்றாம் வீட்டுக் கூரைக்கு ஓடு வேண்டுமென்று சாமுவேல் ஆடியிலிருந்து கேட்டான். நீ வாங்கித் தரவில்லை. போன மாத மழையில் தறிக்குழியில் தண்ணீர் நின்று, பட்டுப் பாவு பாழாகி, நெசவாளி கண்ணாயிரம் காலி செய்தான். வெயில் அடித்த நாளாகப் பார்த்து அதே வீட்டைக் காட்டி, நான் வேறொருவனைக் குடிவைத்தேன்.

நேற்று எனக்குப் போனஸ் கவரைக் கொடுத்தாய். சாமுவேலுக்கு வேட்டி மட்டும்.

"இன்னா மொதலாளி, ஓடு இல்லாம கையாலயா மழைய புடிக்கிறது?" என்றான்.

"தண்ணி நின்னா மீன் வுட வேண்டிதானேப்பா, அவன் ஏன் காலி பண்ணான்?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். வேட்டியை உன் மேஜைமேல் வைத்துவிட்டுப் போன சாமுவேல், இன்று வேலைக்கு வரவில்லை.

நீயே போய் அவனைக் கூப்பிடு. ஓடும் போனஸும் கொடு.

எழுத்தைப் பார்த்தாலே யாரென்று உனக்குத் தெரியும். அதைப் பார்த்தெழுதித்தானே எஸ்.எஸ்.எல்.சி. தேறினாய். கையெழுத்துப் போட்டால் இது ராஜினாமா ஆகிவிடும். கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கும் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. போடாமலேதான் தபாலில் சேர்க்கிறேன்.