நீலமான துண்டு

செவ்வாய், இரவு.

ஆய்வுகூடத்தில், காற்றுப் புகாமல் மூடிய ஜாடிக்குள் வைத்த அடையாளத் துண்டு நீலமாகிக் கிடந்தது. காற்றுப் புகுந்தால்தான் அது நீலமாகும். காற்றுப் பட்டால் செத்துப்போகும் கிருமியைத்தான் அதற்குள் வளர்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல்தீவு மீனவர் ஒருவரின் காலில், திருக்கை முள் குத்தி அழுகிய புண்ணிலிருந்து எடுத்தது. எந்த மருந்து வில்லையைச் சுற்றி வளராமல் விடுகிறதென்று பார்த்துத்தான் இன்ன கிருமியென்று பிரிப்போம். இன்று கிருமி வளர்க்கும் தட்டு முழுவதும் வெறுமை. வில்லைகள் எதையும் சொல்லவில்லை.

"ஒரு பிள்ளையின்ர தட்டையும் உள்ளுக்க வைக்கத்தான் திறந்தனான். இருக்கிறது ஒரு ஜாடிதானே, நான் என்ன செய்யிறது?" என்று கூட வேலை செய்யும் நிர்மலா அழுதாள். அவளை அறையலாம் போலிருந்தது. அவள் இடத்தில் நானும் திறந்திருப்பேன்.

சேர்ஜனிடம் போய்ச் சொன்னேன். "இனிப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. நாளைக்கு முழங்காலுக்குக் கீழ வெட்டி எடுக்கவேணும்" என்றார்.

ஆய்வுகூட வாசலில் மீனவரின் மனைவி நின்றார். "மிஸ், கிருமி பிடிபட்டுதோ? இனி வெட்டமாட்டினம்தானே?"

"டொக்டர் உங்களோட கதைப்பார்" என்றேன்.

"ஓம் மிஸ். மாதா உங்களைக் கைவிடமாட்டா" என்று என் கையைப் பிடித்துச் சிரித்தார். நல்ல செய்தியென்று நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை.

விடிந்தால் மறுபடியும் அந்த வாசலால்தான் உள்ளே போகவேண்டும்.