கையெழுத்துக்கு முன்னால் ஒரு சொட்டு

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

ஊர் அடங்கிய நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். போனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் மெயில்.

எரிபொருள் கம்பெனி ஆள் இன்று நம் ஷெட்டுக்கு வந்தார். சோளத்தட்டையை அரைப்பதில் தொடங்கி எத்தனால் சொட்டுவது வரை நின்று பார்த்தார். "பிரமாதம்மா, கூட்டு சேர்ந்தா எங்கேயோ போயிடலாம்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "அந்த ஈஸ்ட்ல கொஞ்சம் குடுங்களேன், எங்க தொட்டியில விட்டுப் பாக்கறோம்" என்கிறார்.

மற்ற ஈஸ்ட்டெல்லாம் தட்டையிலுள்ள ஒரு சர்க்கரையைத் தின்று எத்தனாலாக்கிவிட்டு இன்னொன்றை அப்படியே விட்டுவிடும். நம்முடையது இரண்டையும் தின்னும். அதற்காகத்தானே வயிற்றில் பிள்ளையோடு ஆய்வுக்கூடமே கதி என்று கிடந்தேன்? ஒரு சொட்டு கைமாறினால் போதும், தொட்டி தொட்டியாக வளர்த்துக்கொள்வார்கள். அப்புறம் நாம் எதற்கு? ஒப்பந்தம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரிதானே?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

மார்ச் 5

அன்பு வாண்டுக்கு,

மருமகளுக்குப் பல் முளைத்துவிட்டதா? படத்தில் என்னைப் போலவே முறைக்கிறாள்.

நீ நிழலைப் பார்த்தாலே பயப்படுகிற ஜாதி. தொட்டி அவர்களிடம், தட்டை வாங்க லாரி அவர்களிடம். நம்மிடம் இருப்பது ஓட்டைக் கூரைதான். எத்தனை நாள் இப்படியே ஓட்டுவது? மூடி மூடி வைத்தால் யார் கூட்டு சேருவார்கள்? சாம்பிளைக் கொடுத்துவிடு. நீ படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன், உன் மேல் சத்தியம்.

அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

இன்றும் நேரம் கெட்ட நேரம்தான். மன்னித்துக்கொள்.

அந்த ஆள் மறுபடி வந்தார். இந்த முறை வீட்டுக்கு, கையில் ஐஸ் பெட்டியோடு. ஷெட்டில் கரண்ட் போய்ப் போய் வருவதால் ஈஸ்ட்டை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். அது எங்களை விட்டால் உனக்கு மட்டும்தான் தெரியும். அவரோ நேராகச் சமையலறை வாசலில் நின்று, "பாப்பா பால் டப்பாவுக்குப் பின்னாடிதானேம்மா?" என்கிறார்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் கதவை மறித்து நின்றேன். "முதல்ல ஒப்பந்தம் ஆகட்டும் சார்."

"இனிமேதான் ஆகணுமா? உங்கண்ணன் போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டாரேம்மா. உங்ககிட்ட சொல்லலையா?"

அவருக்கே சங்கடமாகிவிட்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, காலிப் பெட்டியோடு போனார். திங்கட்கிழமை வக்கீலோடு வருவாராம்.

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல், "உங்கண்ணன் அப்படிச் செய்வாரா?" என்று கேட்டார்.

"எங்கண்ணனா? சேச்சே" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன்மேல் கோபமெல்லாம் இல்லை. கோபப்படக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். விளக்கமெல்லாம் அப்புறம் எழுது. போட்டாயா, இல்லையா, அதை மட்டும் சொல். திங்கட்கிழமை கதவைத் திறக்கும்போது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கண் விழித்ததும் முதல் வேலையாகப் பதில் போடு அண்ணா.

உன் தங்கை