மலையுச்சித் திமிங்கிலம் வரை உன் சித்தி ஓட்டிய கதை

அன்புச் சுண்டெலிக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் சித்தி என்னைவிட நலம், வண்டி எங்கள் இருவரையும்விட நலம். அங்கே நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரம் போனில் நீ இருமிய இருமலில் இங்கே சமையலறைத் தட்டுகள் அலமாரியை விட்டு நகர்ந்துவிட்டன. மருந்துக் கடையில் ஏதோ ஒரு பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு ஆபீசுக்கு ஓடாதே, ஒழுங்காக டாக்டரைப் பார். பெற்றது அண்ணனும் அண்ணியும் என்றாலும் சின்ன வயதிலிருந்து உன் மூக்கைத் துடைத்தது நாங்கள், அந்த உரிமையில் சொல்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வரி சொன்னால் நீ ஒன்பது வரி தீர்ப்பு சொல்கிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் கையெழுத்து எவ்வளவு மோசமாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணு.

விஷயம் வண்டியைப் பற்றியது. கண் டாக்டர் என் ஓரப்பார்வையைச் சோதித்துவிட்டு, எதிரே வரும் எறும்பு தெரியும், பக்கத்தில் வரும் யானைப்படை தெரியாது என்று பொருள்படும்படி ஏதோ சொல்லி, இனி ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு போட்டதும், உடனே நீ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நம் தெருப் பல் டாக்டரிடம் வண்டிக்கு விலை பேசி முடித்துவிட்டதும் உனக்கு நினைவிருக்கும். அந்த மனிதர் வந்து டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எங்கே ஒன்றைப் பிடுங்கிவிடுவாரோ என்று பயந்தே போனேன். அப்போதுதான் உன் சித்தி உள்ளே போய், எனக்கே தெரியாமல் வாங்கி வைத்திருந்த ஓட்டுநர் உரிமத்தை எடுத்து வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். வண்டி போனால் அவளுடைய தையல் கடையும் போகும் என்பதை நீ யோசிக்கவே இல்லை. கடை இருப்பது ஊரின் அந்தக் கோடியில், அங்கே போகிற பஸ்ஸை நிறுத்தி வருடமாகிறது, துணி மூட்டைகளைத் தலையில் சுமந்துகொண்டா போவாள்? நீ போனில் சிரித்தாய். “சரி, அந்தப் பழைய நெடுஞ்சாலையில மலையுச்சித் திமிங்கிலம் வரைக்கும் சித்தியே ஓட்டிட்டுப் போய்ட்டு வரட்டும். வேற யார் கையும் ஸ்டியரிங்ல படக்கூடாது. செஞ்சுட்டாங்கன்னா வண்டியப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்” என்றாய். நீ விளையாட்டுக்குச் சொன்னாய் என்பது எனக்குத் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. அன்று மாலையே வண்டிக்குக் காற்றடித்து வந்தாள்.

அந்தச் சாலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? குதிரை வண்டிக் காலத்தில் போட்ட சாலை அது. எத்தனையோ மன்னர்கள் அதன் வழியாகப் படை நடத்திப் போயிருக்கிறார்கள், ஆனால் நாங்கள் புறப்பட்ட கோலாகலம் அவர்களில் ஒருவருக்கும் வாய்த்திருக்காது. பக்கத்து வீட்டு வாத்தியார் குடும்பத்தோடு வாசலுக்கு வந்து, போர்க்களத்துக்கு அனுப்புவதுபோல் கண் கலங்கினார். பக்கத்திலேயே எட்டு வழிப் புதுச்சாலை வந்துவிட்டதால் இந்தச் சாலையில் கூட்டம் குறைந்துவிட்டது. போகிற ஒன்றிரண்டு பேரையாவது இழுத்து நிறுத்தலாம் என்று வழிநெடுகக் கடைக்காரர்கள் ஒருவரையொருவர் மிஞ்சப் பார்க்கிறார்கள். ஒரு டீக்கடை மாடி உயரத் தேநீர்க் கெண்டி வடிவத்தில் நிற்கிறது, மூக்கு வழியாக நிஜமாகவே ஆவி வருகிறது. ஒரு தச்சர் உலகத்திலேயே பெரிய நாற்காலி என்று ஒன்றைச் செய்து நிறுத்தியிருக்கிறார். அதில் ஏணி வைத்து ஏறி உட்கார்ந்தேன், மேகம் இரண்டு என் காதோரம் போயின. அடுத்து ஒரு தலைகீழ் வீடு, கட்டில் மேசை எல்லாம் கூரையில் தொங்குகின்றன. உள்ளே நுழைந்ததும் எனக்கு ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிவிட்டது. நான் நேராகத்தான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று உன் சித்தி சொன்ன பிறகுதான் இறங்கியது.

ஆனால் இவற்றையெல்லாம் நான்தான் பார்த்தேன். அவள் வண்டியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஓட்டுநர் பள்ளிக்காரர் அவள் கைக்குத்தான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார், காலுக்குப் பாடம் சொன்னது அவளுடைய தையல் இயந்திரம். நேர் சாலையில் குறையே சொல்ல முடியாது, துணிக்கு ஓரம் அடித்த மாதிரி ஒரே சீராகப் போகும். திருப்பம் வந்தால்தான் வினை. துணியின் முனைக்கு வந்ததும் ஊசியை இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, துணியைத் திருப்பி, மறுபடி மிதிப்பாளே, அதையே வண்டியிலும் செய்தாள். நடுத் திருப்பத்தில் பிரேக் போட்டு அசையாமல் நிறுத்துவாள், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முக்கி முக்கித் திருப்புவாள், அப்புறம் நிதானமாகக் கிளப்புவாள். பின்னால் வருகிறவர்கள் அடித்த ஹாரனில் அக்கம்பக்கத்துக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தியிருக்கும். ஒரு நத்தை எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தது, இது சத்தியம். ஏம்மா, வளைச்சுக்கிட்டே போயேன் என்றால், “முனையில நிறுத்தாம திருப்பினா சுருக்கம் விழும், ஒங்களுக்கு என்ன தெரியும், பேசாம வாங்க” என்பாள். பேசாமல் வருவது என் ஜாதகத்திலேயே இல்லை என்பது உனக்குத் தெரியும். வழியில் இருந்த பலகைகளையெல்லாம் உரக்கப் படித்தேன், கெண்டி கட்டியவரின் வாழ்க்கை வரலாற்றை நானே இட்டுக்கட்டிச் சொன்னேன், ஓரப்பார்வை இல்லாத குறை தெரியாதபடி கழுத்தை ஆந்தை மாதிரி சுற்றிச் சுற்றி வழி காட்டினேன். அந்தக் கெண்டிக்கடையிலேயே அவள் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தித் திருப்பிக்கொண்டிருந்தபோது முதலாளி ஓடிவந்து, “சாவியக் குடுங்கம்மா, ஒரு நொடியில திருப்பித் தரேன்” என்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பாவம், நல்ல மனிதர், டீ ஆறிப்போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

முதல் நாள் ஒரு லாரி நிறுத்தத்துக்கு மேலே இருந்த அறையில் தங்கினோம். கட்டில் ஆடியது, தலையணைக்குள் பஞ்சுக்குப் பதில் பாறை இருந்தது. மறுநாள் மலை. சுண்டெலி, நீ இந்த இடத்தில் தண்ணீர் குடித்துக்கொள். அந்த மலைப்பாதையைப் போட்டவன் கண்டிப்பாக நூடுல்ஸைப் பார்த்துத்தான் படம் வரைந்திருக்கவேண்டும். சமதளத்தில் நடுவில் நிறுத்தித் திருப்பினால் பின்னால் வருகிறவன் திட்டுவான், அவ்வளவுதான். மேட்டில் நிறுத்தினால் வண்டியே பின்னால் போகும். முதல் கொண்டையூசி வளைவில் வழக்கம்போல நிறுத்தினாள், திருப்பினாள், காலை மாற்றுவதற்குள் இன்ஜின் அணைந்து வண்டி பின்னோக்கி உருண்டது. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். மறுபடி கிளப்பினாள், மறுபடி அணைந்தது. பின்னால் ஒரு மர லாரி நின்றுவிட்டது. அதன் ஓட்டுநர், மீசையிலேயே நாலு பேர் ஊஞ்சலாடலாம் போலிருந்த ஆள், இறங்கி வந்து எங்கள் பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார். “அம்மா, எறங்குங்க. மேல வரைக்கும் நான் ஏத்தி விட்டுர்றேன், கிளீனர் என் லாரியக் கொண்டாந்துருவான். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க” என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது பள்ளத்தாக்கு நன்றாகவே தெரிந்தது, அதற்கு ஓரப்பார்வை தேவைப்படவில்லை. விட்டுக் குடுத்துரும்மா, அவகிட்ட நாம சொல்லிக்கப் போறதில்ல என்று நானே சொன்னேன். உன் சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நம் குடும்பத்தில் யாரையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. “கடைய மூடுன்னு சொல்றீங்க” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக நான் வாயை மூடினேன். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், பயத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன், ரவிக்கைக்குக் கழுத்து தைக்கிறியே, அங்க முனையே கிடையாதே, அங்க எங்க நிறுத்துவே என்று. கேலியாகத்தான் கேட்டேன், பெரிய உபதேசம் ஒன்றுமில்லை. அவள் காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தாள். தையல் இயந்திரத்தில் அவள் வெறுங்காலோடுதான் உட்காருவாள். “கழுத்துல நிறுத்தினா அசிங்கமா இருக்கும். துணியக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்குடுத்துக்கிட்டே மிதிக்கணும்” என்று அவளுக்கே சொல்லிக்கொள்வதுபோல் முணுமுணுத்தாள். இன்ஜினைக் கிளப்பினாள். கைப்பிரேக்கைப் பிடித்தபடியே மெல்ல மிதித்தாள், வண்டி முன்னால் துடித்தது. “கல்ல எடுக்கச் சொல்லுங்க” என்றாள். லாரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் மகாராணியின் தளபதி போலக் கையை உயர்த்தினேன். கல் போனது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப, கால் ஒரே அழுத்தத்தில் இருக்க, வண்டி அந்த வளைவை நிற்காமல், குலுங்காமல், பட்டுத்துணி மாதிரி சுற்றி மேலே வந்தது. அடுத்த வளைவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. இது கைக்குழி, இது காலர், இது பாவாடைச் சுற்று என்று நான் ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் வைத்துக்கொண்டே வந்தேன், அவள் காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை. உச்சிக்கு வந்து ஓரம் கட்டியதும் மர லாரி எங்களைக் கடந்துபோனது. அந்த மீசைக்காரர் அடித்த ஹாரன் இருக்கிறதே, அந்த மாதிரி மரியாதையை நான் என் ஆயுளில் வாங்கியதில்லை. அது எனக்கும் இல்லை.

திமிங்கிலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத அந்த மலை உச்சியில் யாரோ ஒரு புண்ணியவான் சிமெண்டில் திமிங்கிலம் கட்டி நீல வர்ணம் அடித்திருக்கிறான். வாய் வழியாக நுழைந்து வால் வழியாக வெளியே வரவேண்டும், நடுவில் வயிற்றில் இரண்டு பெஞ்சு. விலா எலும்பு மட்டும் நம் வீட்டு உத்திரத்தைப்போல் இரண்டு மடங்கு. உன் சித்தி அந்தப் பெஞ்சில் வெறுங்காலோடு உட்கார்ந்து ஒரு முழு ரொட்டியைத் தனியாகச் சாப்பிட்டாள். அப்புறம் வாலருகே போய் நின்று, மலைக்கு அந்தப் பக்கம் சாலை இறங்கிப் போவதையே பார்த்தாள். என்னம்மா என்றேன். “நல்லாத்தான் இருக்கு. ஆனா வர்ற வழியில அவ்வளவு இருந்துச்சாம், நான் ஒண்ணையும் பாக்கல. ரோட்டப் பாக்கவும் ஒங்க பேச்சக் கேக்கவுமே சரியாப் போச்சு” என்றாள். திரும்பி வரும்போதும் அவளேதான் ஓட்டினாள், வேறு யார் கையும் படவில்லை. நான் ஒருமுறை தூக்கத்தில் அவள் தோளில் சாய்ந்தேன், தலைக்கு உன் நிபந்தனையில் தடை இல்லை.

ஆக, உன் நிபந்தனை நிறைவேறிவிட்டது. வாசலில் கூடியிருந்த வாத்தியார் குடும்பமே சாட்சி. இனி நீ வண்டியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. திறக்கவும் தேவையில்லை, ஏனென்றால் வண்டி இப்போது வீட்டில் இல்லை. நேற்றுக் காலை உன் சித்தி கடைக்கு விடுமுறை அறிவித்துவிட்டு, அவளிடம் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிற அக்காவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, திமிங்கிலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் கடல் வரைக்கும் போயிருக்கிறாள். அங்கே ஒரு வீடு முழுக்கப் பொத்தானாலேயே கட்டியிருக்கிறார்களாம், ஒரு வயல் முழுக்கக் கார்களை மூக்கு மண்ணில் புதையும்படி நட்டு வைத்திருக்கிறார்களாம். நானும் பையைக் கட்டிக்கொண்டு, தொப்பியும் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றேன். “நீங்க இருங்க. அக்கா வாயில எப்பவும் குண்டூசி இருக்கும், பேச மாட்டா. இந்தத் தடவை நான் எல்லாத்தையும் பாக்கணும்” என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வளைவை நிறுத்தாமல் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரம் தொப்பியோடு அங்கேயே நின்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இப்போது சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவித்த முட்டை கருகும் என்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது. சற்றுமுன் போன் பண்ணினாள், பொத்தான் வீட்டு வாசலில் நிற்கிறாளாம், அதற்குமேல் சொல்ல நேரமில்லை என்று வைத்துவிட்டாள். குரலைக் கேட்டால் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்த பிள்ளை மாதிரி இருந்தது.

நீ நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் எதுவானாலும் உன் சித்தியைப் போல் முடிக்கிற பிடிவாதத்தோடு நீடூழி வாழவேண்டும். பல் டாக்டருக்கு நீயே போன் பண்ணி வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடு, எனக்கு அவர் முகத்தில் விழிக்கப் பயம், கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. இருமலுக்கு டாக்டர். மறக்காதே. அடுத்த முறை நீ வரும்போது விமான நிலையத்துக்கு அவள்தான் வருவாள். முன்சீட்டில் உட்கார், ஆனால் வழி சொல்லாதே, வளைவுகளில் கதவைப் பிடித்துக்கொள்ளாதே, அவளுக்குப் பிடிக்காது. பின்சீட்டில் நான் இருப்பேன், இடம் கொடுத்தால்.

இப்படிக்கு,
சாவியும் சாரதியும் கைவிட்ட இந்த மாளிகையின் தனிக்காவலன்,
உன் சித்தப்பா