சமையலறை ஜன்னலுக்கு ஒரு திரை

ஆடி 11, ஞாயிறு

தேனியில் வாங்கி வந்த திரைகளை எந்த அறையில் மாட்டுவது என்ற கேள்விக்கு இன்று காலை இறுதித் தீர்வு காணப்பட்டது. மேற்குப் பார்த்த கூடத்துக்குக் கனத்த துணி. மலையிலிருந்து இறங்கும் ஆடிக்காற்றில் மெல்லியது நிற்காது. படுக்கையறைக்குக் கரும்பச்சை. சமையலறைக்கு மஞ்சள் பூப்போட்டது. முடிவெடுத்தது என் மனைவி செல்வி. நான் ஏணியைப் பிடித்தபடி ஆதரித்தேன்.

சமையலறை ஜன்னலுக்கு எதிரே, இரண்டடிச் சந்துக்கு அப்பால், அண்ணன் வீட்டுச் சமையலறை ஜன்னல். பாகம் பிரித்த பிறகும் குழம்பும் ஊர்க்கதையும் அந்த வழியாகத்தான் போய்வருகின்றன. நான் திரைக்கம்பிக்கு ஆணி அடித்ததை அண்ணி பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, எங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலையாக்கும்?"

"வெயிலுக்குத்தான் அண்ணி."

"இந்தச் சந்துக்குள்ள எங்கிட்டிருந்து வெயில் வருது? உங்க அண்ணன் கேட்டாகன்னா நான் என்னத்தச் சொல்ல?"

ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பகலில் அது சாத்தி நான் பார்த்ததே இல்லை. மதியம் குழம்பு வரவில்லை. செல்வி சரியாகச் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு அவளே கம்பியைக் கழற்றிவிட்டு, கரண்டியை நீட்டி எதிர் ஜன்னலைத் தட்டினாள்.

"அக்கா, இது இவுக பாத்த வேலை. ரூம் தெரியாம அடிச்சுட்டாக."

ஜன்னல் திறந்தது.

"அதான பாத்தேன். தம்பிக்கு என்னைக்கு என்ன தெரிஞ்சிருக்கு?"

நான் மறுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு வந்தது.

மஞ்சள் பூப்போட்ட திரை சாமான் அறையில் தொங்குகிறது. அங்கே ஜன்னல் கிடையாது.