லாயர் வராத காலை

செவ்வாய், இரவு.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: கிள்ளான் நீதிமன்ற கேண்டீனில் இன்று கறிபாப் பலகாரம் தீர்ந்துவிட்டது. அவ்வளவு நேரம் காத்திருந்தோம். சண்டைக் கேஸில் மாட்டிய அண்ணனுக்கு ஜாமீன் கேட்க, அம்மா பிரிக்பீல்ட்ஸில் அலைந்து பிடித்த லாயர் வரவே இல்லை. மாஜிஸ்திரேட் கேஸை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார். அண்ணனைக் கைவிலங்கோடு மறுபடி சிறைக்குக் கொண்டுபோனார்கள். அம்மா அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு லாயர் வந்தார். "ஷா ஆலாம்ல இன்னொரு கேஸ் தம்பி. வர்ற வழியெல்லாம் ட்ராஃபிக் ஜேம் லா."

"நீங்க லாயரா, லேட்டரா அங்கிள்? எங்கண்ணன் உள்ள கெடக்குறான், உங்களுக்கு ஜேமா?" என்று விளாசித் தள்ளிவிட்டேன்.

விளாசியது வீட்டுக் குளியலறையில், கண்ணாடியைப் பார்த்து. அடுத்த மாதமும் அண்ணனுக்காக அவர்தானே பேச வேண்டும்? கோர்ட்டில் அவரிடம், "பரவால்ல சார்" என்றேன். அவர் பையைக் கார்வரை தூக்கிக்கொண்டும் போனேன்.