ஊழியக்காரிக்கு வைத்த அரிசி

கர்த்தருக்குள் பிரியமான மகள் கிமிக்கு அம்மா எழுதுவது. இங்கே மலையில், சம்ஃபாயில் நானும் அப்பாவும் அவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம், நீயும் பெங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், அதைக் கேட்டு நானும் அழுகிறேன், காரியம் ஒன்றும் ஆவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். வயலில் அறுப்பு முடிந்துவிட்டது, கடைசி நேரத்து மழை கொஞ்சம் சதி செய்தாலும் நெல் மோசமில்லை. பன்றி நன்றாகக் கொழுத்துவிட்டது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு அதைச் சபைக்குத் தருவதாக வாய்விட்டுச் சொல்லியிருந்தேன், இப்போது எனக்கு இருக்கிற கோபத்தில் அதன் ஆயுசு கொஞ்சம் நீளும் போலிருக்கிறது.

கோபம் எதற்கென்றால், நீ ஊழியம் செய்ய வடக்கே மிஷன் வயலுக்குப் போகவில்லை, பார்லர் வேலையிலேயே இருக்க நினைக்கிறேன் என்று சபைக்கு எழுதினாயே, அதைக் கையில் வைத்துக்கொண்டு மூப்பர் பியாக்சாங்கா போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் வீட்டுக்கு வந்தார். அடுப்பங்கரையில் உட்கார்ந்து தேநீர் வாங்கிக்கொண்டு, "கிமி அம்மா, நம்ம சபைப் பொம்பளைங்க ஒவ்வொரு தடவை உலை வைக்கிறப்பவும் ஒரு பிடி அரிசிய மிஷனுக்குன்னு எடுத்து வைக்கிறாங்க. தன் வயித்தக் கட்டி வைக்கிற அரிசி. இந்த வருஷம் உன் பொண்ணு பேரைச் சொல்லித்தான் வச்சாங்க. அவ என்னடான்னா கண்டவங்க கால் நகத்த வெட்டிக்கிட்டு இருக்கேங்கறா" என்றார். அதோடு விட்டாரா? பெண்கள் ஜெபக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, என் மகள் அழைப்பை விட்டுப் பின்வாங்கிப் போனாள், அவளுக்காக ஜெபியுங்கள் என்று சொல்ல வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது. "மூப்பரே, பேதுரு காலை இயேசு கழுவலையா, அவரென்ன வேலவெட்டி இல்லாத ஆளா?" என்று கேட்டுவிட்டேன். "அது வேற, இவ கூலிக்குல்ல செய்யறா" என்றார். "அப்போஸ்தலர் பவுல் கூடாரம் தச்சாரே, சும்மாவா தச்சுக் குடுத்தார்?" என்றேன். பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு அவர் உன் அப்பாவைப் பார்த்தார். அப்பா சபை மேளத்தை மடியில் போட்டுத் தோலை இறுக்கிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவேயில்லை.

அவர் தலையைத் தூக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கைக்குழந்தையாக நீ காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் மிஷன் ஊழியத்துக்குத் தருகிறேன் என்று முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணியவர் அவர். நீயும் அதைப் பிடித்துக்கொண்டு, அப்பா அந்தப் பொருத்தனையிலிருந்து விடுவித்தால் இங்கே இருக்கிறேன், இல்லையென்றால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வடக்கே போகிறேன் என்று எங்களுக்குத் தனியாக எழுதிவிட்டாய். உன் கடிதத்தை அவர் முன்னால் வாசித்தேன், கேட்டுவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். என்னைக் கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அழைப்பு வந்து போகிறவர்கள் போகட்டும், அவர்களை நான் குறை சொல்லவில்லை. அழைப்பே இல்லாமல் அப்பா முகத்துக்காகப் போகிறவள் அங்கே போய் யாருக்கு என்ன சுவிசேஷம் சொல்லப் போகிறாள்?

புதன்கிழமை கூட்டத்தில் எழுந்தேன். சாட்சி சொன்னேன், மூப்பர் கேட்ட சாட்சி இல்லை. நீ எழுதியிருந்த அந்த ரிட்டயரான டீச்சரம்மாவைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், வெடித்த பாதத்தோடு உன் கடைக்கு வந்து உட்காருகிறாள், "நகம் வெட்டறது ஒரு சாக்குதாம்மா, யாராவது தொட்டுப் பேச மாட்டாங்களான்னுதான் வரேன்" என்று உன்னிடம் சொன்னாளாமே. அவள் எழுந்திருக்கும்வரை நீ அவசரப்படுத்துவதில்லை, உன் சாப்பாடு ஆறிப் போனாலும் அந்தக் காலைத் துடைத்துவிட்டுத்தான் எழுகிறாய் என்று சொல்லி, "என் பொண்ணு பின்வாங்கல. அவ வயல் அங்க இருக்கு, அம்புட்டுத்தான்" என்று உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், சிரிக்கட்டும். வெளியே வரும்போது ஒருத்தி மட்டும் என் கையைப் பிடித்து, அந்த டீச்சரம்மாவுக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, நீ விசாரித்து எழுது. இன்னொன்று, ஊழியம் என்று நான் சொன்னதற்காக அந்த டீச்சரம்மாவை உட்கார வைத்து வசனம் சொல்லி இம்சை பண்ணாதே. கேட்டால் சொல். கையுறை போடாமல், கால் ஊறவைக்கிற அந்த மருந்துத் தண்ணீரில் கை வைக்காதே, போன தடவை உன் விரல் எல்லாம் உரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடுகிற ஆராதனைக்குப் போகாமல் இருந்துவிடாதே, எனக்கு மூப்பரோடுதான் சண்டை, கர்த்தரோடு இல்லை.

பக்கத்து வீட்டு மோயி நாளைக்கு பெங்களூர் திரும்புகிறாள், அவளிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். சந்தையில் வாங்கிப் புகை போட்ட பன்றிக்கறி இருக்கிறது, உன் வீட்டு ஓனருக்கு வாசம் பிடிக்காது, ஜன்னலைத் திறந்து வைத்துச் சமை. அடியில் துணிப்பையில் இருக்கிற புது அரிசி, நான் பிடி பிடியாக எடுத்து வைத்த மிஷன் டப்பா அரிசி. இந்த மாதம் அதைச் சபையில் கொண்டுபோய்க் கொட்டவில்லை. ஊழியக்காரிக்கு என்று வைத்தது, ஊழியக்காரிக்கே வருகிறது. யார் வந்து கேட்கிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

இன்று காலை அந்தப் பையின் வாயைக் கட்டப் போனேன். அப்பா வந்து, "கட்டாத, இரு" என்றார். உனக்குத் தெரியும், பிடி அரிசி வைப்பது இங்கே பெண்கள் காரியம், அவர் பிறந்ததிலிருந்து அரிசிப் பானையில் கை விட்டவர் இல்லை. போய்ப் பானையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து பையில் போட்டார், பாதி தரையில்தான் விழுந்தது. "ஊழியத்துல இருக்கிறவளுக்கு அப்பன் ஒரு பிடி வைக்கக்கூடாதா?" என்று என்னிடமே சண்டைக்கு வருவது போலக் கேட்டார், கண் கலங்கியிருந்தது. தரையில் விழுந்ததை நான் பொறுக்கிப் பையிலேயே போட்டிருக்கிறேன், நன்றாகக் களைந்து சமை.

நீ பிடிக்கிற ஒவ்வொரு பாதத்தையும் உன் கையையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்க மறக்காதே. அது யாருக்கு என்று இனி நீயே முடிவு செய்.

உன் அம்மா,
ரோதிங்லியானி